வருமானம் குறையும்போது காரை வைத்துக்கொள்வதா, விற்பதா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒருவருடைய சம்பளம் நின்றுவிட்டது. ஏழு ஆண்டு பழைய கார் இருக்கிறது. கடன் பாக்கி இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே எடுத்தும் செலவு குறைந்ததாகத் தெரியவில்லை. இதை விற்றுவிட்டு, மைலேஜ் கூடுதலாகத் தரும் சிறிய புதுக் காரைத் தவணையில் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். காரை நிறுத்தி வைத்தால் குறைவது பெட்ரோல் செலவும் டயர்த் தேய்மானமும் மட்டுமே. காப்பீடு, வரி, நிறுத்துமிட வாடகை ஆகியவை கார் ஓடினாலும் நின்றாலும் அப்படியே இருக்கும். உங்கள் சிக்கனம் கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

மைலேஜ் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். இப்போதைய கார் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டரும், புதியது 6 லிட்டரும் குடிப்பதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மிச்சமாவது வெறும் 50 லிட்டர். அந்த 50 லிட்டரின் விலையை ஓராண்டுத் தவணைத் தொகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மேலும், புதுக் காரின் மதிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் ஆண்டிலேயே கரைந்துவிடுவது வழக்கம்; உங்கள் கார் அந்தச் செங்குத்தான சரிவை எப்போதோ கடந்துவிட்டது. தவணைக் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைத்துத் தருவதாக விற்பனையாளர் சொல்லக்கூடும். அப்போது கடன் பாக்கி குறைவதைவிட வேகமாகக் காரின் விலை இறங்குவதால், இடையில் விற்க நேர்ந்தால் விற்ற பணம் கடனை அடைக்கவே போதாமல் போகலாம்.

பொருளாதார நெருக்கடியின்போது பலர் செய்ததும் இதுதான். அமெரிக்காவில் 2007இல் 1 கோடியே 60 லட்சத்தைத் தாண்டியிருந்த புதிய வாகன விற்பனை, 2009இல் சுமார் 1 கோடியே 4 லட்சமாக விழுந்தது. மக்கள் காரைக் கைவிட்டுவிடவில்லை. பெரும்பாலோர் இருந்ததையே இன்னும் சில ஆண்டுகள் ஓட்டினார்கள்.

ஆனால் அறவே விற்றுவிடுவது வேறு கேள்வி. ஒரு மாதம் காரைத் தொடாமல், பேருந்துக்கும் வாடகைக் காருக்கும் ஆன செலவைக் குறித்து வையுங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்கி வரும் தொகை, காரின் ஓராண்டுச் செலவைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால் விற்கலாம். வீட்டில் நடமாட முடியாத முதியவர் இருந்தால் நான் இந்தக் கணக்கை மட்டும் நம்ப மாட்டேன். விற்பதென்று முடிவு செய்தால், கையில் காசு தீர்ந்து, வாங்குபவர் கேட்ட அடிமாட்டு விலைக்குக் கொடுக்கும் நிலை வருவதற்கு முன்பே விற்றுவிடுங்கள்.

கேள்வி: ஓட்டம் குறைந்துவிட்டதால் சர்வீஸைத் தள்ளிப்போடலாமா?

பதில்: கிலோமீட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். என்ஜின் ஆயில் காலத்தாலும் கெடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். நின்றே கிடக்கும் காரின் பேட்டரி இறங்கிவிடும். டைமிங் பெல்ட் (என்ஜினின் உள்பாகங்களை ஒன்றோடொன்று ஒத்து இயங்க வைக்கும் பட்டை) உள்ள காரில், அது அறுந்தால் என்ஜினே பழுதாகக்கூடும் என்பதால், தயாரிப்பாளர் குறித்த கெடுவைத் தாண்ட விடாதீர்கள். பெயின்ட் கீறல், இருக்கை உறை, பாட்டுக் கருவி போன்றவற்றை எத்தனை மாதம் வேண்டுமானாலும் ஒத்திப்போடலாம். காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது, குறைவாக ஓட்டுகிறவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள்.