பள்ளியா, வீடா: முடிவெடுக்கும் உரிமை யாருக்கு?

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் பள்ளி உரிமை குறித்துச் சேலம் மாவட்டப் பெற்றோரும் ஆசிரியர்களும் எழுப்பிய கேள்விகளுக்கு, பள்ளிகளுக்குத் துணைநிற்கும் அரசின் வட்டார வள மையங்களில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்ற சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் தரும் பதில்கள்.

ஏற்காடு மலைக் கிராமத்துத் தாய்: எட்டு வயதான என் மகனுக்கு மூளை முடக்குவாதம். "இல்லம் வழிக் கல்வியில் பெயர் சேர்த்துவிட்டோம், இனி வீட்டிலேயே இருக்கட்டும்" என்று பள்ளியில் சொல்கிறார்கள். சட்டமே அப்படித்தானா அம்மா?

இல்லையம்மா. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இல்லம் வழிக் கல்வி அதில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. கடுமையான குறைபாடோ பல்வகைக் குறைபாடோ உள்ள குழந்தை விரும்பினால் வீட்டிலிருந்து கற்கலாம் என்பதே அத்திருத்தம். விருப்பம் குழந்தையுடையது, பள்ளி அதைத் தன் வசதிக்காகக் கையில் எடுத்துக்கொள்ள முடியாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு இன்னும் தெளிவானது: 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான எந்தக் குழந்தையும், அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, தான் விரும்பும் இடத்தில் இலவசமாகப் படிக்கலாம். மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் நடக்கும் தாய்மார்களைப் பார்த்தவள் என்பதால் ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: குழந்தைக்குப் போக்குவரத்து வசதி செய்து தருவதும், அதிகத் துணை தேவைப்படும் குழந்தையென்றால் உடன் வருபவருக்கும் அதே வசதியைத் தருவதும் அச்சட்டத்தின் 16ஆம் பிரிவில் எழுதப்பட்ட கடமைகள். "பள்ளிக்கே அனுப்ப விரும்புகிறேன்" என்று ஒரு தாளில் எழுதி, நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் மறுத்தவர்கள் எழுத்தில் மறுக்கத் தயங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆத்தூர் தந்தை: தனியார் பள்ளிக்கு இந்தச் சட்டம் பொருந்துமா?

பொருந்தும். அரசின் நிதி பெறும் பள்ளி, அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளி இரண்டையுமே 16ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. சிறப்பாசிரியர் இல்லை என்பது சேர்க்கையை மறுக்கக் காரணம் ஆகாது. தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறன் கொண்ட 10 மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேல் அத்தகைய 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் கூறியிருக்கிறது. மறுத்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனு கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

சேலம் பி.எட். மாணவி: இந்த உரிமைகள் எங்கிருந்து தொடங்கின, அம்மா? அமெரிக்கச் சட்டத்தைப் பார்த்து எழுதியவை என்கிறார்களே?

ஒரு பகுதி உண்மை. அமெரிக்காவில் 1970களின் தொடக்கம் வரை, "கற்பிக்க இயலாதவர்கள்" என்று முத்திரை குத்திக் குழந்தைகளைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தச் சில மாநிலங்களின் சட்டமே இடம் தந்தது. பென்சில்வேனியாவில் பெற்றோர் சங்கம் தொடுத்த வழக்கும், தலைநகர் வாஷிங்டனில் நடந்த மில்ஸ் வழக்கும் 1972க்குள் அதை உடைத்தன. மில்ஸ் வழக்கில் பணம் இல்லை என்றது கல்வி வாரியம். பணம் போதாதென்றால் அந்தக் குறை எல்லாக் குழந்தைகள் மீதும் சமமாக விழட்டும், இவர்கள் மீது மட்டும் கூடுதலாக விழக் கூடாது என்றது நீதிமன்றம். அரை நூற்றாண்டு கழித்தும் நம் ஊர் அலுவலகங்களில் நிதியில்லை என்ற பதிலைக் கேட்கும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பு என் நினைவுக்கு வருகிறது. 1975இல் வந்த அமெரிக்கச் சட்டம், ஒவ்வொரு குழந்தைக்கும் பெற்றோரைக் கலந்து தனிநபர் கல்வித் திட்டம் எழுத வேண்டும் என்றது. நாம் இன்று பதிவேட்டில் நிரப்பும் தனிநபர் கல்வித் திட்டத்தின் வேர் அங்கேதான்.

நம் நாட்டின் வழி வேறு. மத்திய அரசு அமைத்த கோத்தாரி கல்வி ஆணையம் 1966இலேயே இக்குழந்தைகளைப் பொதுப்பள்ளியில் சேர்க்கப் பரிந்துரைத்தது. 1974இல் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் வந்தது. ஆனால் திட்டம் என்பது சலுகை; கிடைக்காதபோது வழக்குப் போட முடியாது. ஆசிய-பசிபிக் நாடுகள் 1992 டிசம்பரில் பெய்ஜிங்கில் கூடி எடுத்த முடிவையொட்டி இயற்றப்பட்ட 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமே, 18 வயது வரை இலவசக் கல்வி என்பதை அரசின் கடமையாக்கியது. அது ஏற்றுக்கொண்ட குறைபாடுகள் ஏழு மட்டுமே. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஏழு வகைகளை 21 ஆக்கியது.

ஓமலூர் தந்தை: பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு டிஸ்லெக்ஸியா. தேர்வில் சலுகை உண்டா?

உண்டு. டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் வரும் சிரமம், கற்றல் குறைபாட்டில் அடங்கும்; அது 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கும் 21 குறைபாடுகளில் ஒன்று. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்கு மருத்துவச் சான்றுடன் பள்ளி மூலம் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள்.

மேட்டூர் தாய்: செவித்திறன் குறைந்த என் மகளைச் சிறப்புப் பள்ளியில் சேர்த்தது தவறா?

தவறே இல்லை. சைகை மொழி அறிந்த ஓர் ஆசிரியர்கூட இல்லாத பொது வகுப்பறையில் நாள் முழுவதும் பிறர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கல்வி என்று நான் ஏற்க மாட்டேன். சட்டமும் உங்கள் விருப்பத்தை மதிக்கிறது.

ஏற்காட்டு ஆசிரியர்: "நியாயமான வசதி" செய்து தர வேண்டும் என்கிறது சட்டம். நிதி வராத சிறிய பள்ளியில் அதற்கு என்ன பொருள்?

ஒரு காட்சியைச் சொல்கிறேன். சேர்வராயன் மலையில் ஒரு பள்ளியில், உட்கார்ந்தால் பக்கவாட்டில் சரிந்துவிடும் சிறுமி ஒருத்தி சுவரோரம் பாயில் படுத்தபடியே பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். காப்பித் தோட்டத்தில் வேலை செய்த தச்சர் ஒருவர், நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் பலகையில் அவளுக்கு நாற்காலி செய்தார்: இருபுறமும் தடுப்பு, காலுக்குக் கட்டை, இடுப்புக்குப் பழைய சேலையில் மடித்துத் தைத்த பட்டை. முன்பலகையை இரண்டு முறை இழைத்து அவள் முழங்கை உயரத்துக்குக் கொண்டுவந்தார். உட்கார வைத்தவுடன் அவள் முதலில் பார்த்தது கரும்பலகையை அல்ல, இதுவரை குரலாக மட்டுமே அறிந்திருந்த பின்வரிசைப் பிள்ளைகளின் முகங்களை. அந்த நாற்காலிதான் சட்டம் சொல்லும் நியாயமான வசதி, ஐயா. அதன் செலவைக் கேட்டு வட்டார வள மையத்துக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை அவளைப் பாயில் விடாதீர்கள்.