நகையும் அலாய் வீலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 27 வயது. ஓசூரில் வேலை, சம்பளம் 34,000. போன வருடம் செகண்ட் ஹேண்டில் ஒரு 2017 ஸ்விஃப்ட் வாங்கினேன், தவணை 9,000 போகிறது. அக்கா கல்யாணத்துக்கு அம்மாவின் நகையை வங்கியில் வைத்து வாங்கிய 1,20,000 ரூபாய் கடன் 9 சதவீத வட்டியில் அப்படியே நிற்கிறது. வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறோம். இப்போது 16 அங்குல அலாய் வீல், எக்ஸாஸ்ட், ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்குவது, ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து 1,50,000 ஆகும் என்கிறார்கள். 14 சதவீதத்தில் பர்சனல் லோன் தயார். அப்பா வீண் செலவு என்கிறார். எனக்கென்று வேறு எந்த ஆசையும் இல்லை ஐயா. இது தப்பா?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

ஆசை தப்பே இல்லை. வண்டியைத் துடைத்து நிறுத்திவிட்டு, நாலு எட்டு நடந்து போய்த் திரும்பிப் பார்க்கிற சுகம் எனக்கும் தெரியும். கடன் வாங்கிச் செய்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அந்த லோனை மூன்று வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 5,130 ரூபாய் வேண்டும். வட்டி மட்டும் 34,500. அதே 5,130ஐ மாதாமாதம் நகைக்கடனில் கட்டிப் பாருங்கள். 26 மாதத்தில் அம்மாவின் நகை வீட்டுக்கு வந்துவிடும். மீதி 10 மாதத்தில் 51,000 ரூபாய் உங்கள் கையில் நிற்கும். அதில் நல்ல ஸ்பீக்கர் போடுங்கள், அப்பா கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஸ்பிரிங்கை மட்டும் எந்தக் காலத்திலும் வெட்டாதீர்கள். வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது, ஷாக் அப்சார்பர் சீக்கிரம் போய்விடும், வேகத்தடை தோறும் அடி தட்டும். வீல் 16 அங்குலமாகப் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் உயரம் குறைந்துவிடும். ஒரு பள்ளம் போதும், ரிம் வளைய.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. சத்தம் போடும் எக்ஸாஸ்ட் காவலர் காதில்தான் முதலில் விழும். விற்கப் போகும்போதும் இந்த 1,50,000ஐ யாரும் சேர்த்துத் தரமாட்டார்கள்.

என் கதை ஒன்று. பழைய மாருதி ஜென் வைத்திருந்தேன். ஹெட்லைட்டில் 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 போட்டேன். அவ்வளவு மின்சாரத்தைப் பழைய வயர் தாங்காது, ரிலே என்கிற மின் சுவிட்ச் வைத்து தனி வயர் இழுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு ராத்திரி, பிளாஸ்டிக் கருகும் வாடை. அடுத்த நிமிடம் இரண்டு விளக்கும் போய்விட்டன. பின் சீட்டில் மனைவியும் குழந்தையும். எதிரே லாரிகள். இண்டிகேட்டரைப் போட்டு ஓரம்கட்டி பானெட்டைத் திறந்தால், ஹோல்டர் உருகி பல்பின் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு எனக்கு வண்டியின் அழகு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

உங்கள் வண்டி 2017 என்கிறீர்கள். இன்று மாலை டயரின் பக்கவாட்டில் DOT எழுத்துகளின் முடிவில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2217 என்றிருந்தால், 2017ஆம் ஆண்டின் 22ஆம் வாரம் செய்த டயர் அது. அப்படிப் பழைய டயராக இருந்தால் ஸ்பீக்கருக்கும் முன்னால் அதைத்தான் மாற்ற வேண்டும். பார்த்துவிட்டு என்ன எண் என்று எனக்கு எழுதுங்கள்.