கப்பல் சுற்றுலாவில் சாப்பாடு எல்லாம் டிக்கெட்டுக்குள் அடக்கம் என்றால், கொழும்பிலிருந்து தின்பண்டம் கட்டிக்கொண்டு போகவேண்டுமா?

ஓம், கொஞ்சம் கட்டிக்கொண்டு போங்கள். அம்மாவையும் இரண்டு சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரில் கப்பல் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு வரும் நாலு இரவுப் பயணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயணத்தில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே வராது. பஃபே பகலில் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் பெரிய மண்டபம் வேறாக இருக்கும். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறைய ஏறுவதால் பருப்புக் கறியும் மரக்கறிச் சாப்பாடும் தேடி அலையாமலே கிடைக்கும். ஆனால் அங்கே சாப்பாடு வருகிற நேரமும் எங்களுக்குப் பசிக்கிற நேரமும் ஒன்றல்ல. உறைப்பும் போதாது. அதற்கு அளவாகக் கட்டினால் போதும்.

நேரத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பயண முகவர்கள் யாரும் சொல்வதில்லை. சிங்கப்பூர் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு நிற்கிறது. கப்பலில் இரவுச் சாப்பாட்டின் முதல் பந்தி மாலை ஐந்தரை, ஆறு மணிக்கே தொடங்கிவிடும். அது கொழும்பில் பின்னேரம் மூன்று, மூன்றரை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து மத்தியானச் சோற்றை முடித்த கையோடு இராச்சாப்பாடு போடச் சொன்னால் எப்படி இறங்கும்? இரண்டாம் பந்தி எட்டு மணி போல. கொழும்பு வெள்ளவத்தையில் ஒன்பது, ஒன்பதரைக்கு முன் இடியப்பமோ புட்டோ மேசைக்கு வருகிற வீடு குறைவு. எங்களுடைய அந்த ஒன்பதரை, கப்பலில் நள்ளிரவு பன்னிரண்டு. அந்த நேரம் பெரிய மண்டபம் மூடியிருக்கும், பஃபேயும் பெரும்பாலும் மூடியிருக்கும். எங்காவது ஒரு மூலையில் பீட்சாத் துண்டோ சாண்ட்விச்சோ கிடைக்கலாம். அறைக்கு வரவழைத்தால் பல கம்பனிகள் தனிக் கட்டணம் எடுக்கின்றன, அதுவும் டொலரில்.

உடம்பு அந்த நேரத்துக்குப் பழகுவதற்குள் நாலு இரவு முடிந்து இறங்கச் சொல்லிவிடுவார்கள். ஆகவே நடுச்சாமத்தில் எழும்பி “பசிக்குது” என்கிற பிள்ளைக்கும், மருந்து குடிக்குமுன் வாயில் ஏதாவது போடவேண்டிய உங்கள் அம்மாவுக்கும் அறையிலேயே ஏதாவது இருக்கவேண்டும். அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்து மருந்தோ ஊசியோ எடுக்கிறார் என்றால் இது கட்டாயம். கப்பல் ஏறும் நாளிலும் இதே கதைதான். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு பின்னேரம்தான் அறை வாசலுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். அதனால் மருந்தும் இரண்டு பக்கற் பிஸ்கற்றும் கையில் கொண்டுபோகும் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

இனி எதைக் கொண்டுபோக விடுவார்கள் என்ற விஷயம். கம்பனிக்குக் கம்பனி விதி மாறும், சில கம்பனிகள் வெளிச் சாப்பாட்டுக்கே முகம் சுளிக்கும். உங்கள் டிக்கெட்டோடு வரும் தடைப் பட்டியலை முதலில் வாசியுங்கள். கார்னிவல் போன்ற பெரிய கம்பனிகளின் விதி சுருக்கமானது: தொழிற்சாலையில் அடைத்து ஒட்டிய, பிரிக்காத, பழுதாகாத தின்பண்டம் சிறு அளவில் கொண்டுவரலாம், வீட்டில் சமைத்தது வேண்டாம். எங்கள் ஆட்களுக்கு இந்த இரண்டாவது பாதிதான் தொண்டைக்குள் இறங்காது. எங்கள் மாமி ஒரு பெரிய டின் நிறையப் பயத்தம் பணியாரமும் சீனி அரியதரமும் சுட்டு வைத்துக்கொண்டு, “நான் கையால சுட்ட சாமான் பிள்ளை, கடைச் சாமானிலும் சுத்தம். இதை ஏன் மறிக்கிறாங்கள்?” என்று கேட்டா. “அது எனக்குத் தெரியும் மாமி, கப்பல்காரனுக்குத் தெரியாதே” என்றேன். அந்த டின் எங்களோடு வரவில்லை. போகுமுன்பே வீட்டில் காலியாகிவிட்டது.

கப்பல்காரர் பக்கமும் நியாயம் உண்டு. ஆயிரக்கணக்கான பேர் ஒரே படிக்கட்டுக் கைப்பிடியையும் ஒரே அகப்பைகளையும் தொடுகிற இடம் அது. நோரோ வைரஸ் வந்தால் வாந்தியும் வயிற்றோட்டமும் அறைக்கு அறை பரவிவிடும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் துறைமுகங்களுக்கு வரும் பயணிகள் கப்பல்களின் சமையலறைகளைச் சோதித்து மதிப்பெண் போடும் வேலையை 1970களிலேயே தொடங்கிவிட்டது. ஆருடையோ குசினியில் என்றைக்கோ சுட்ட பண்டத்துக்குக் கப்பல் பொறுப்பெடுக்காது.

ஆகவே பருத்தித்துறை வடை என்கிற தட்டை வடை வேண்டுமென்றால் கடையில் வாங்குங்கள், ஆனால் பக்கற்றைப் பார்த்து வாங்குங்கள். கொழும்பின் காலி வீதிக் கடைகளில் ஒரே வடை இரண்டு விதமாகத் தொங்கும். ஒன்று வெறும் பொலித்தீன் பையில் போட்டு வாய்க்கு ரப்பர் பட்டி சுற்றியது. மற்றது வாயைச் சூட்டில் ஒட்டி, என்ன என்ன சேர்த்தது, எப்போது செய்தது, எப்போது காலாவதி, எந்த விலாசம் என்று அச்சடித்த சீட்டோடு வருவது. பத்து இருபது ரூபாய் கூடினாலும் இரண்டாவதை எடுங்கள். சீட்டில் ஆங்கிலமும் இருந்தால் சோதிக்கிறவருக்கு விளங்கும். தட்டை வடை, முறுக்கு, எள்ளுப்பாகு, மரவள்ளிச் சிப்ஸ், உறைப்புக் கச்சான் எல்லாம் இப்படி அடைத்துக் கிடைக்கின்றன. இதில் என் வாக்கு தட்டை வடைக்குத்தான். கப்பல் சூப்போடு சாப்பிட்டுப் பாருங்கள், அந்தச் சப்பென்ற சூப்புக்கு உயிர் வந்துவிடும். முறுக்கு பெட்டிக்குள் நொறுங்கித் தூளாகும், எள்ளுப்பாகு வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டும்.

உறைப்புக்கு இன்னொரு வழி போத்தல் சீனிச் சம்பல், ஊறுகாய். இவை விமானத்தில் திரவக் கணக்கில் வரும். நூறு மில்லிலீற்றருக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். பெரிய பெட்டிக்குள் இரண்டு பொலித்தீன் சுற்றி வையுங்கள், துணிகளின் நடுவில். மாசிக் கருவாடு தனியாக, கருவாடு தனியாக என்று மட்டும் கிளம்பவேண்டாம். சட்டம் கிடக்கட்டும், ஜன்னல் திறக்காத ஏசி அறையில் நாலு இரவு நீங்கள்தான் படுக்கவேண்டும்.

பிள்ளைகளுக்கு மஞ்சி அல்லது மலிபன் கிறீம் கிரக்கர், லெமன் பஃப், சமபோஷ என்கிற சத்துமா. சமபோஷவைச் சுடுநீரும் சீனியும் விட்டுக் குழைத்து உருண்டை பிடித்துக் கொடுத்தால் நடுச்சாமப் பசி அடங்கிவிடும். கடல் ஆடினால் வயிறு பிரட்டும். அப்போது எண்ணெய்ப் பண்டம் எதுவும் உதவாது, வெறும் கிரக்கரும் இஞ்சித் தொபியும்தான். வயது போனவர்களுக்குச் சமஹன் என்கிற மூலிகைப் பானத்தூள் பக்கற் நாலைந்து போடுங்கள். ஏசிக் குளிரில் தொண்டை கட்டாமல் வருகிற ஆள் எங்கள் பக்கத்தில் குறைவு.

சுடுநீர் என்றதும் ஒரு விஷயம். கேத்தல், சுடுநீர்ச் சுருள், ரைஸ் குக்கர், மின் அழுத்தி என்று சூடேறும் எதையும் கொண்டுபோகாதீர்கள். கப்பலில் ஆகப் பெரிய பயம் தீ. பெட்டிகளை எக்ஸ்ரேயில் பார்க்கும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். பஃபே மண்டபத்தில் தேநீர் மேசையில் சுடுநீர்க் குழாய் இருக்கும். ஒரு சின்ன ஃபிளாஸ்க் கொண்டுபோய் இரவு மூடுமுன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஸ்க்கின் வாயைக் குழாயில் முட்டவிடாமல், கோப்பையில் பிடித்து ஊற்றுங்கள். அது அவர்களுடைய சுகாதார விதி, முறையாகப் பார்த்தால் எங்களுடைய பழக்கமும் அதுதான்.

சிங்கப்பூருக்குள் முதலில் இறங்குவதால் அந்த நாட்டுச் சட்டமும் உண்டு. சூயிங்கம் வேண்டாம். அம்மா வெற்றிலை போடுகிறவர் என்றால் வாய்க்குப் போடும் புகையிலை அங்கே முற்றாகத் தடை, ஒரு துண்டுகூடக் கொண்டுபோகக் கூடாது. கசகசாவும் அங்கே தடைப்பட்ட சாமான். இறைச்சிப் பண்டங்களை எல்லா நாட்டிலிருந்தும் விடுவதில்லை. ஆகவே மட்டன் ரோல்ஸ், பட்டிஸ் எல்லாம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வழியிலேயே வாகனத்துக்குள் முடிந்துவிடட்டும்.

கட்டும் விதம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவதால் சிப்ஸ் பக்கற்றுகள் பலூன் போல உப்பும். இறுக்கி அடைத்தால் வெடிக்கும், ஊசியால் குத்திக் காற்றெடுத்தால் ஒட்டிய பக்கற் என்ற தகுதி போய்விடும். கொஞ்சம் இடம் விட்டு, பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வையுங்கள். பிரித்த பக்கற்றை மூட நாலைந்து உடுப்புக் கிளிப் போதும், அவை குளியலறையில் துணி காயப்போடவும் உதவும். அறையில் இருக்கும் சின்னக் குளிர்ப்பெட்டியை நம்பி எதுவும் வாங்கவேண்டாம், அது வீட்டு ஃபிரிஜ் மாதிரிக் குளிராது.

எவ்வளவு? உங்கள் குடும்பத்துக்கு நாலு இரவுக்கு ஒரு சாதாரணக் கடைப்பை நிறைந்தால் அதுவே கூட. பினாங்கில் கப்பல் கட்டும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜோர்ஜ் டவுன் குட்டி இந்தியாவுக்கு நடந்தே போகலாம். அங்கே வாழையிலைச் சோறும் தோசையும் உளுந்து வடையும் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். அன்றைக்குக் கப்பல் மதியச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள். புக்கெட் வேறு மாதிரி. பெரிய கப்பல்கள் அங்கே பெரும்பாலும் கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் ஆட்களைக் கரைக்கு இறக்கும். போகவும் வரவும் வரிசையில் நிற்கவேண்டும், வெயில் வேறு. பிள்ளைகள் இருப்பதால் அந்தக் கைப்பைக்குள் பிரிக்காத பிஸ்கற்றும் தண்ணீரும் வையுங்கள். பஃபேயிலிருந்து வாழைப்பழமோ அப்பிளோ பாணோ எடுத்துக்கொண்டு இறங்கவேண்டாம். பழமும் சமைத்த சாப்பாடும் கரைக்குப் போவதைத் துறைமுகங்களின் தாவரப் பாதுகாப்பு விதிகள் பொதுவாகத் தடுக்கின்றன.

இதே கேள்வியை அவுஸ்திரேலியாவில் கப்பல் ஏறப்போகிறவர்களும் கேட்பார்கள், எங்கள் குடும்பங்களில் பாதிப்பேருக்குச் சிட்னியிலோ மெல்பேர்ணிலோ ஆட்கள் இருக்கிறார்களே. அங்கே நான் சொன்ன கணக்கு மாறும். விமானத்தில் தரும் அட்டையில் சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் எழுதிக் காட்டவேண்டும், ஒளித்தால் அபராதம். பச்சைக் கறிவேப்பிலை, விதைகள், பால் சேர்த்த இனிப்பு எல்லாம் சிக்கல். நியூசிலாந்துக்குப் போகும் கப்பல் என்றால் இன்னும் கவனம், அறிவிக்காத சாமானுக்கு அங்கே 400 நியூசிலாந்து டொலர் அந்த இடத்திலேயே எழுதுவார்கள். அப்படிப் போகிறவர்கள் கொழும்பிலிருந்து எதையும் சுமக்காமல் சிட்னியின் வென்ற்வேர்த்வில், பென்டில் ஹில் பக்கத் தமிழ்க் கடைகளில் ஒட்டிய பக்கற்றாக வாங்கிக்கொண்டு ஏறலாம். மிச்சத்தைக் கப்பலிலேயே முடித்துவிட்டு இறங்குங்கள்.