பேரன் எதற்கு?

கேள்வி: நியூயார்க்கில் மகளுடன் வசிக்கிறேன். தமிழ் மட்டுமே தெரியும். நகர அலுவலகங்களில் எனக்காகப் பேச, பத்து வயதுப் பேரனைத்தான் அழைத்துப் போகிறேன். வேறு வழி உண்டா?
– ஒரு வாசகி

பதில்: உண்டு, அம்மா. பேரன் பள்ளிக்குப் போகட்டும். மருத்துவ விவரத்தையும் வாடகை பாக்கியையும் பிள்ளையின் வாயால் சொல்லவைப்பது பெரிய பாரம். என் மனம் ஒப்பவில்லை.

மக்களுக்கு நேரடிச் சேவை செய்யும் நகரத் துறைகள் குறைந்தது 100 மொழிகளில் தொலைபேசிவழி மொழிபெயர்ப்பு தரவேண்டும் என்கிறது அந்நகரின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். கட்டணம் கிடையாது. முக்கியப் படிவங்களுக்கோ வங்காளம், உருது உட்பட 10 மொழிகள்தான். தமிழ் அதில் இல்லாதது வருத்தமே. அதனால் படிவத்தையும் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். கவுன்டரில் ‘இந்தியா’ என்றால் இந்தி பேசுபவரை இணைத்துவிடக்கூடும். ‘தமிழ்’ என்றே அழுத்திச் சொல்லுங்கள். மறுத்தால் நகர நிர்வாகத்தின் உதவி எண்ணான 311-ஐ அழைத்துப் புகார் செய்யலாம்.