தடயவியல் உளவியலுக்கு மாறும் முன் கேட்க வேண்டியவை

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் டிப்ளமோ படித்துவரும் உங்கள் மகள், பல்கலைக்கழகத்தின் தடயவியல் உளவியல் பட்டப்படிப்புக்கு மாற விரும்புவதாகவும், இதுவரை படித்தது வீணாகிவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த அச்சம் நியாயமானதுதான். ஆயினும் எத்தனை கிரெடிட்டுகள் (படித்து முடித்த பாடங்களுக்கான மதிப்பு அலகுகள்) ஏற்கப்படும் என்பதைவிட, அவை எந்தக் கணக்கில் ஏற்கப்படும் என்பதையே நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டும்.

தன்னுடைய குறிப்பிட்ட ஒரு பாடத்துக்கு ஈடாகப் பல்கலைக்கழகம் ஒரு கல்லூரிப் பாடத்தை ஏற்கலாம். பொதுவான விருப்பப் பாடமாக மட்டும் ஏற்கவும் செய்யலாம். எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், பின்னதைக் கொண்டு மேல்நிலைப் பாடங்களுக்கான முன்தகுதியைப் பெற இயலாது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவிக்கு உளவியல் அறிமுகப் பாடமே இப்படி விருப்பப் பாடமாகிவிட்டது. அவர் அனுப்பியிருந்தது அலகுகளின் தலைப்புகள் மட்டும் கொண்ட ஒற்றைப் பக்கம். வாரவாரியான பாடப்பொருள், பாடநூல், தேர்வு முறை ஆகியவை அடங்கிய முழுப் பாடத்திட்டத்தைத் துறையிலிருந்து வாங்கி அனுப்பி மறுபரிசீலனை கோரிய பிறகே அது ஈடாக ஏற்கப்பட்டது. ஆகவே உங்கள் மகள் படித்த ஒவ்வொரு பாடத்தின் முழுப் பாடத்திட்டத்தையும் இப்போதே சேகரித்து வைக்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் இடறுவது புள்ளியியலிலும் ஆய்வு முறைகளிலும்தான். குற்றவாளிகளின் மனத்தை அறியும் ஆர்வத்தோடு வருபவர்களுக்கு இவை எதற்கு என்று தோன்றும். அதற்கு ஒரு சோதனையைப் பாருங்கள். 1974-இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் மோதும் காட்சியை 150 மாணவர்களுக்குக் காட்டினார்கள். கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்று 50 பேரிடமும், ‘மோதி நொறுங்கியபோது’ என்ற பொருளில் வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். மீதிப் பேரிடம் வேகம் பற்றியே கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக முதல் பிரிவில் 7 பேரும் இரண்டாம் பிரிவில் 16 பேரும் சொன்னார்கள். காட்சியில் உடைந்த கண்ணாடியே இல்லை. அந்த 7-க்கும் 16-க்கும் உள்ள வேறுபாடு தற்செயலா, கேள்வியின் சொல்லால் விளைந்ததா என்று எடைபோடத் தெரிந்தவரே நீதிமன்றத்தில் சாட்சியத்தின் நம்பகத்தன்மை குறித்துப் பேச முடியும்.

‘தடயவியல்’ என்ற சொல் மாணவர்களைக் கைரேகைக்கும் டிஎன்ஏ சோதனைக்கும் இட்டுச் செல்கிறது. அவை தடய அறிவியலைச் சேர்ந்தவை. ‘ஃபாரென்சிக்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், பொதுமன்றத்தைக் குறிக்கும் லத்தீன் சொல் என்பதால், நீதிமன்ற உளவியல் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலையில் இருக்கிறாரா என்று மதிப்பிடுவதும், மீண்டும் குற்றம் புரியும் வாய்ப்பைக் கணிப்பதும், சிறையில் சீர்திருத்தப் பயிற்சி அளிப்பதுமே இத்துறையின் அன்றாட வேலை. இதை உங்கள் மகள் அறிந்துதான் விரும்புகிறாரா என்று பக்கத்தில் அமர்ந்து பேசிப் பாருங்கள்.

இளங்கலைப் பட்டம் மட்டும் ஒருவரை உளவியலாளர் ஆக்கிவிடாது. பிரிட்டனில் தடயவியல் உளவியலாளர் என்ற பெயரே சட்டப் பாதுகாப்புப் பெற்றது. பட்டத்துக்குப் பின் முதுகலையும் மேற்பார்வையிலான பயிற்சியும் முடித்துப் பதிவு செய்தவரே அதைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் பொதுவாக முனைவர் பட்டமும் உரிமமும் தேவை. எனவே பட்டத்தின் பெயரில் ‘தடயவியல்’ இருப்பதைவிட, அந்தப் பட்டத்தை உளவியல் மேற்படிப்புக்கான அடிப்படையாக உங்கள் நாட்டின் பதிவு அமைப்பு ஏற்கிறதா என்பதே முக்கியம். ஏற்கவில்லையெனில் பொது உளவியல் பட்டத்தில் சேர்வதையே நான் பரிந்துரைப்பேன்.

டிப்ளமோவைப் பாதியில் விடுவதற்கு முன், அந்தக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே கிரெடிட்டுகளை மாற்றி ஏற்கும் ஒப்பந்தம் உள்ளதா என்று கேளுங்கள். அத்தகைய ஒப்பந்தங்கள் பல, முடித்த டிப்ளமோவுக்கே மொத்தமாகக் கிரெடிட் தருகின்றன; ஒரு பருவம் பொறுத்தால் ஓராண்டு மிச்சமாகக்கூடும். எந்தெந்தப் பாடங்கள் ஈடாக ஏற்கப்பட்டன, எந்த ஆண்டில் சேர்க்கை என்பதைச் சேர்க்கை அலுவலகத்திடமிருந்து எழுத்துமூலம் பெற்ற பிறகே கட்டணம் செலுத்துங்கள்.