கொழும்பில் இந்தியாவுக்கு உயர்ஸ்தானிகராலயம், அமெரிக்காவுக்குத் தூதரகம்: ஏன்?

இரண்டும் காலி வீதியில்தான் இருக்கின்றன, வேலையும் ஒன்றே. பொதுநலவாயம் என்பது பெரும்பாலும் முன்பு பிரித்தானிய ஆட்சியில் இருந்த நாடுகளின் அமைப்பு; இந்தியாவும் இலங்கையும் அதில் உண்டு. அந்த நாடுகள் தங்களுக்குள் அனுப்புபவர் உயர்ஸ்தானிகர். அமெரிக்கா போன்ற மற்ற நாடுகளிலிருந்து வருபவர் தூதுவர்.

காரணம் முடியாட்சி. தூதுவர் ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டின் தலைவரிடம் அனுப்பும் பிரதிநிதி. 1948இல் சுதந்திரம் பெற்ற இலங்கைக்கும் பிரித்தானியாவுக்கும் ஒரே மன்னர், ஆறாம் ஜோர்ஜ். அவர் தனக்குத்தானே தூதுவர் அனுப்ப முடியாதே! தனிக்குடித்தனம் போன தம்பி அண்ணன் வீட்டுக்குப் போக அறிமுகக் கடிதம் கொண்டுபோவதில்லை, அதுபோல. கனடா 1880இலேயே லண்டனுக்கு உயர்ஸ்தானிகரை அனுப்பி இதற்கு வழிகாட்டியிருந்தது.

1972இல் இலங்கை குடியரசானது. பொதுநலவாயத்தில் நீடித்ததால் வழக்கமும் நீடித்தது. இன்று உயர்ஸ்தானிகரும் ஜனாதிபதியிடமே தன் நியமனத்தை உறுதிசெய்யும் நற்சான்றுப் பத்திரம் கையளிக்கிறார்.

‘உயர்’ என்பதால் தூதுவரைவிடப் பெரியவர் என்று பலர் நினைக்கிறார்கள். இராஜதந்திர உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி இருவரும் சம தரத்தினர்.