வெள்ளி நாணயத்துக்குப் பெரிய காயில் எதற்கு?

இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் வசிக்கும் ஒரு வாசகரின் கேள்வி: விவசாயி ஒருவர் தன் உழுத வயலில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேட அனுமதி கொடுத்துவிட்டார், கையில் 11 அங்குலக் காயில் (coil, டிடெக்டரின் அடியில் தரையைத் தடவிப் போகும் தட்டு) இருக்கிறது, பழைய வெள்ளி நாணயங்கள் ஆழத்தில் கிடக்கும் என்கிறார்களே, 15 அங்குலக் காயில் வாங்கலாமா?

வேண்டாம். அந்தப் பணத்தில் 6 அங்குலக் காயில் வாங்குங்கள், பெரும்பாலும் மிச்சமும் இருக்கும்.

நீங்கள் தேடப்போவது சுத்தியலால் அடித்துச் செய்த இடைக்கால வெள்ளிப் பென்னி. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு காலத்துப் பென்னி ஒன்றரை கிராம்கூட வராது, விட்டம் 2 செ.மீ.க்கும் குறைவு. 1279க்கு முன்னால் அதற்குக் கீழே சில்லறை என்று அநேகமாக எதுவும் கிடையாது என்பதால் பென்னியையே பின்பக்கச் சிலுவைக் கோட்டில் இரண்டாக, நான்காக வெட்டிச் செலவழித்தார்கள்; அந்தக் கால் துண்டு உங்கள் சுண்டுவிரல் நகம் அளவுதான். பெரிய காயிலின் காந்தப் புலம் அகலமாகப் பரவுவதால் இத்தனை சின்னத் துண்டு தரும் சிக்னல் அதில் காணாமல் போய்விடும். பெரிய காயில் ஆழம் போகும் என்பது பொய்யில்லை, ஆனால் அது பானை நிறையப் புதைத்த நாணயக் குவியலுக்கு.

அப்புறம், உழுத வயலில் ஆழம் ஒரு பிரச்சினையே இல்லை. கலப்பை மேல் 20, 25 செ.மீ. மண்ணைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறது, உதிரி நாணயங்கள் பெரும்பாலும் அந்த அடுக்கில்தான் கிடக்கும். உண்மையான தொல்லை இரும்பு. காயிலுக்குக் கீழே ஒரே நேரத்தில் மூன்று ஆணியும் ஒரு பென்னியும் வந்தால் ஆணியின் சத்தம்தான் கேட்கும். சோதித்துப் பாருங்கள்: விக்டோரியா காலத்து வெள்ளி மூன்று பென்ஸ் நாணயம் மலிவாகக் கிடைக்கும், எடையும் ஏறக்குறைய பென்னியின் எடைதான். அதைத் தரையில் வைத்து, 5 செ.மீ. தள்ளி ஒரு துருப்பிடித்த ஆணியை வைத்து, உங்கள் 11 அங்குலத்தை நாலு திசையிலிருந்தும் வீசுங்கள். எத்தனை திசையில் நாணயம் கேட்கிறது என்று கவனியுங்கள். இரவல் கிடைத்தால் 6 அங்குலத்திலும் அதையே செய்யுங்கள், வித்தியாசம் காதிலேயே தெரியும்.

காயிலில் டபுள் டி வகையையே எடுங்கள், உள்ளே D வடிவக் கம்பிச் சுருள் இரண்டு இருக்கும். அதன் புலம் கத்தி மாதிரி மெல்லியதாக நடுவில் இறங்குவதால் ஆணியையும் நாணயத்தையும் பிரித்துக் காட்டும், கனிமம் கலந்த மண்ணிலும் அவ்வளவாகத் தடுமாறாது. வட்டத்துக்குள் வட்டமாகச் சுருள் இருக்கும் கான்சென்ட்ரிக் வகையின் புலம் ஆழம் போகப்போகக் குறுகிவிடும், ஒவ்வொரு வீச்சையும் பாதிக்குப் பாதி மேலேற்றிப் போட வேண்டியிருக்கும்.

வெள்ளி நல்ல மின்கடத்தி, அதனால் டிடெக்டரில் குறைந்த அதிர்வெண் போதும் என்பார்கள். தடித்த அரை கிரவுன் நாணயத்துக்கு அது சரி. மெல்லிய வெட்டுத் துண்டுக்கு 15 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை வைத்துப் பாருங்கள்.

வாங்கும்முன் உங்கள் மாடலுக்கு அந்தக் காயில் பொருந்துமா என்று தயாரிப்பாளரின் பட்டியலைப் பாருங்கள், பிளக் சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது.

ஒன்று மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். 300 ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளி நாணயம் ஒரே இடத்தில் இரண்டு சேர்ந்து கிடைத்தாலே 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குள் வரும், 14 நாளுக்குள் கொரோனரிடம் (புதையலையும் விசாரிக்கும் மரண விசாரணை அதிகாரி) தெரிவிக்க வேண்டும். விவசாயியோடு பங்கு பற்றிய பேச்சை இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.